தசைநாண் காயங்களுக்கு மைக்ரோஆர்என்ஏ சிகிச்சை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தசைநாண் என்பது எது? தசைநார் என்பதும் அதுவும் ஒன்றா?

தசையை எலும்போடு இணைக்கும் வெண்ணிறக் கயிறு தசைநாண். டெண்டன் என்று மருத்துவர்கள் சொல்வது இதைத்தான். எலும்பையும் எலும்பையும் இணைப்பது லிகமென்ட். தமிழில் இரண்டையுமே தசைநார் என்று எழுதும் வழக்கம் இருப்பதால் குழப்பம் வருகிறது. இங்கே பேசப்போவது முதலாவதைப் பற்றி மட்டும். குதிகாலுக்குச் சற்று மேலே இரு விரல்களால் பிடித்துப் பாருங்கள், உறுதியான ஒரு கயிறு தட்டுப்படும். அதுதான் அக்கிலிஸ் தசைநாண், உடலிலேயே மிகப் பெரியது. தோளில் கையைத் தூக்க உதவும் சுழல் தசைநாண்கள், முழங்கால் சில்லுக்குக் கீழே இருக்கும் பட்டெல்லா தசைநாண், முழங்கையின் வெளிப்புறத்தில் டென்னிஸ் எல்போ வலியைத் தரும் தசைநாண் ஆகியவைதான் அடிக்கடி பழுதாகின்றன.

எலும்பு முறிந்தால் சில மாதங்களில் கூடிவிடுகிறது. தசைநாண் மட்டும் ஏன் ஆண்டுக்கணக்கில் படுத்துகிறது?

தசைநாண் இழுவிசையைத் தாங்குவதற்கென்றே அமைந்த திசு. ஓடும்போது அக்கிலிஸ் தசைநாண் உடல் எடையைப் போல் 6 முதல் 12 மடங்கு வரையான சுமையை ஏற்கிறது. அந்த வலிமைக்கு அது கொடுக்கும் விலை பெரிது. அதில் செல்கள் குறைவு, ரத்த ஓட்டமும் குறைவு. உலர்ந்த எடையில் ஏறக்குறைய 65 முதல் 80 விழுக்காடு கொலாஜன் என்ற நார்ப்புரதம்தான். டெனோசைட் எனப்படும் தசைநாண் செல்கள் இந்த நார்க்கற்றைகளுக்கு இடையே ஆங்காங்கே வரிசையாகப் படிந்து கிடக்கின்றன.

இந்தத் திசு எவ்வளவு மெதுவாகப் புதுப்பிக்கப்படுகிறது என்பதை வியப்பூட்டும் ஒரு வழியில் கண்டறிந்தார்கள். 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் கார்பன்-14 அளவை ஏற்றிவிட்டன. அப்போது வளர்ந்துகொண்டிருந்த உடல்களில் அது ஒரு தேதி முத்திரை போலப் பதிந்தது. 2013இல் வெளியான டென்மார்க் ஆய்வு, அக்கிலிஸ் தசைநாணின் மையப்பகுதியில் இந்த முத்திரையை அளந்து பார்த்தது. ஏறக்குறைய 17 வயதில் உருவான திசு, வாழ்நாள் முழுவதும் பெரும்பாலும் அப்படியே இருந்தது. ஐம்பது வயதுக்காரர் ஓடுவது பதினேழு வயதில் திரித்த கயிற்றின்மேல்தான். தசைநாண் வலியோடு வருபவரிடம் ‘பொறுமையாக இருங்கள்’ என்று மருத்துவர் சொல்வதற்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது.

ஆறிய பிறகும் பழைய வலிமை திரும்பாதது ஏன்?

இந்தப் பக்கத்தின் உயிர்நாடியான கேள்வி இதுதான். சற்று நிதானமாகப் படியுங்கள்.

நல்ல தசைநாணில் இருப்பது பெரும்பாலும் முதல் வகைக் கொலாஜன். தடித்த, நேரான, ஒரே திசையில் அடுக்கப்பட்ட நார்கள். காயம் பட்டவுடன் செல்கள் அவசரமாக மூன்றாம் வகைக் கொலாஜனை உற்பத்தி செய்கின்றன. இந்த நார்கள் மெல்லியவை, ஒழுங்கற்றுப் பின்னிக் கிடப்பவை. கிழிந்த இடத்தை உடனே மூட அவை தேவைதான். முதல் சில நாட்கள் வீக்கம், அடுத்த சில வாரங்கள் புதுத் திசு பெருகுதல், பிறகு மாதக்கணக்கில், சில வேளைகளில் ஓர் ஆண்டுக்கும் மேலாக, சீரமைப்பு என்று ஆறுதல் நடக்கிறது. அந்தக் கடைசிக் கட்டத்தில் மூன்றாம் வகை வெளியேறி முதல் வகை அந்த இடத்தைப் பிடிக்க வேண்டும். பலருக்கு அந்த மாற்றம் பாதியிலேயே நின்றுவிடுகிறது. தற்காலிகமாகப் போட்ட ஒட்டு நிரந்தரமாகிவிடுகிறது. தழும்பு விழுந்த அந்த இடம் மீண்டும் கிழிவதற்குக் காத்திருக்கிறது.

எனவே நாம் தேடும் மருந்து வெறும் வலி நிவாரணி அன்று. எந்தக் கொலாஜனைச் செய்ய வேண்டும் என்று செல்லுக்குச் சொல்லக்கூடிய ஒன்று தேவை. மைக்ரோஆர்என்ஏ மீது எனக்குள்ள நம்பிக்கை இங்கிருந்துதான் பிறக்கிறது.

மைக்ரோஆர்என்ஏ என்றால் என்ன?

மரபணுவில் உள்ள குறிப்பைச் செல் முதலில் தூது ஆர்என்ஏவாகப் படியெடுக்கிறது. அந்தப் படியைப் பார்த்துப் புரதம் செய்யப்படுகிறது. மைக்ரோஆர்என்ஏ புரதம் எதையும் செய்வதில்லை. அது ஏறக்குறைய 22 எழுத்துகளே கொண்ட மிகச் சிறிய ஆர்என்ஏ துண்டு. தன் எழுத்துகளுக்குப் பொருந்தும் தூது ஆர்என்ஏவைத் தேடி, அதன் வால்பகுதியில் ஒட்டிக்கொண்டு, புரத உற்பத்தியை அடக்குகிறது அல்லது அந்தப் படியையே சிதையச் செய்கிறது.

செல் இதைத் தயாரிக்கும் விதம் அழகானது. நீண்ட மூலப்படி ஒன்றை டிரோஷா என்ற நொதி செல்லின் உட்கருவுக்குள் வெட்டி, கொண்டை ஊசி வடிவத்தில் ஏறத்தாழ 70 எழுத்து நீளத் துண்டாக்குகிறது. அது உட்கருவை விட்டு வெளியே வந்ததும் டைசர் என்ற நொதி மறுபடி வெட்டுகிறது. மிஞ்சும் சிறு இழை ஆர்கோநாட் என்ற புரதத்தில் ஏறி அமர்ந்து வேலையைத் தொடங்குகிறது. இலக்கைத் தீர்மானிப்பவை பெரும்பாலும் அதன் 2 முதல் 8 வரையான எழுத்துகள்தாம்.

1993இல் விக்டர் ஆம்ப்ரோஸும் கேரி ரவ்குனும் ஒரு மில்லிமீட்டர் நீளமே உள்ள உருளைப்புழு ஒன்றில் இதைக் கண்டறிந்தார்கள். புழுவுக்கு மட்டும் உரிய விநோதம் என்றே பலர் அப்போது கருதினர். 2000ஆம் ஆண்டில் ரவ்குன் குழு கண்ட இரண்டாவது மைக்ரோஆர்என்ஏ மனிதர் உட்பட விலங்குலகம் முழுவதிலும் இருப்பது தெரிந்ததும் நிலைமை மாறியது. இருவருக்கும் 2024இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

கொரோனா தடுப்பூசியில் இருந்ததும் இதுவும் ஒன்றா?

இல்லை. அந்தத் தடுப்பூசிகள் சிலவற்றில் இருந்தது தூது ஆர்என்ஏ. அது ஆயிரக்கணக்கான எழுத்துகள் நீளமானது, ஒரு புரதத்தைச் செய்யச் சொல்வது. மைக்ரோஆர்என்ஏ சின்னது, செய்யாதே அல்லது குறைத்துச் செய் என்று சொல்வது. இரண்டுமே டிஎன்ஏவில் கைவைப்பதில்லை.

தசைநாணுக்கும் இதற்கும் தொடர்பு இருப்பது எப்படித் தெரிந்தது?

கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குழு 2015இல் வெளியிட்ட ஆய்வு இதில் ஒரு மைல்கல். அவர்கள் பார்த்த மைக்ரோஆர்என்ஏவின் பெயர் மிர்-29ஏ. மனிதர்களின் பழுதான தோள் தசைநாண்களில் அதன் அளவு குறைந்திருந்தது. காயம்பட்ட செல்கள் இன்டர்லூகின்-33 என்ற அபாயச் செய்தியை வெளியிடும்போது மிர்-29ஏ சரிகிறது, அது சரியும்போது மூன்றாம் வகைக் கொலாஜன் பெருகுகிறது. கட்டுப்பாடு தளர்ந்ததும் ஒட்டு வேலை கைமீறிப் போகிறது என்று வைத்துக்கொள்ளலாம்.

இங்கே ஒரு நியாயமான சந்தேகம் எழ வேண்டும். மிர்-29ஏ முதல் வகைக் கொலாஜனையும் அடக்கக்கூடியதுதானே? அதை வெளியிலிருந்து கொடுத்தால் நல்ல நாரும் சேர்ந்து குறையாதா? அந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதற்கான விடைதான். தசைநாண் செல்கள் முதல் வகைக் கொலாஜனின் தூது ஆர்என்ஏவைப் படியெடுக்கும்போது அதன் வாலைக் குட்டையாக வெட்டிவிடுகின்றன. மிர்-29ஏ ஒட்டிக்கொள்ளும் இடம் அந்த வெட்டுப்பட்ட பகுதியில் இருக்கிறது. பிடிக்க இடமில்லாததால் முதல் வகை தப்பிவிடுகிறது. மூன்றாம் வகையின் வாலில் அந்த இடம் அப்படியே இருப்பதால் அது மட்டும் மாட்டிக்கொள்கிறது. நல்லதை விட்டுவிட்டு வேண்டாததை மட்டும் தொடும் ஒரு மருந்தை வடிவமைக்க மருந்தியலாளர்கள் எவ்வளவோ பாடுபடுகிறார்கள். இங்கே அந்தத் தேர்வைச் செல்லே செய்து வைத்திருக்கிறது.

விலங்குகளில் சோதித்துப் பார்த்தார்களா?

முதலில் எலிகளில், பிறகு குதிரைகளில். பந்தயக் குதிரைகளின் முன்னங்கால் தசைநாண் மனிதரின் அக்கிலிஸ் போலவே பெரும் சுமையைத் தாங்குகிறது, அதைப் போலவே அடிக்கடி பழுதாகிறது. ஒரு எலியின் கால் ஏற்கும் சுமையோடு ஒப்பிட்டால், குதிரை நமக்கு எவ்வளவோ நெருங்கிய எடுத்துக்காட்டு. 2017இல் வெளியான ஆய்வில், குதிரைகளின் தசைநாணில் நொதி செலுத்திக் காயத்தை உண்டாக்கி, ஒரு வாரம் கழித்துச் சிலவற்றுக்கு மிர்-29ஏவின் செயற்கை நகலை அந்த இடத்திலேயே ஊசியாகச் செலுத்தினர். மருந்து பெற்ற குதிரைகளில் மூன்றாம் வகைக் கொலாஜனின் படிகள் தொடக்கத்தில் குறைந்தன, அல்ட்ராசவுண்ட் படத்தில் காயத்தின் பரப்பு சிறியதாகத் தெரிந்தது, நுண்ணோக்கியில் திசுவின் அமைப்பும் மேம்பட்டிருந்தது.

ஆனால் நொதியால் திடீரென்று உண்டாக்கப்பட்ட காயம் வேறு, பத்தாண்டு ஓட்டத்தில் மெல்ல மெல்ல நைந்த தசைநாண் வேறு. இந்த ஆய்வைப் படிக்கும்போது அந்த வேறுபாட்டை மறக்கக் கூடாது.

மிர்-29ஏ ஒன்றுதானா? வேறு எவையும் இல்லையா?

இருக்கின்றன. மனித உடலில் ஈராயிரத்துக்கும் மேற்பட்ட மைக்ரோஆர்என்ஏக்கள் பட்டியலிடப்பட்டுள்ளன. தசைநாண் ஆய்வில் அடிக்கடி தலைகாட்டுபவை சில மட்டுமே.

மிர்-210 ஆக்சிஜன் குறையும்போது செல்லில் கூடுவது, புதிய ரத்தக் குழாய்களைத் தூண்டுவது. எலிகளின் அக்கிலிஸ் காயத்தில் இதைச் செலுத்தியபோது ஆறுதல் விரைந்தது. ரத்த ஓட்டம் குறைந்த திசுவுக்கு ரத்தக் குழாய் நல்லதுதானே என்று தோன்றும். எனக்கு இதில் தயக்கம் உண்டு. நாட்பட்ட தசைநாண் வலி உள்ளவர்களின் திசுவில் தேவையற்ற புதிய ரத்தக் குழாய்கள் முளைத்திருப்பதை அல்ட்ராசவுண்டில் பார்க்கிறோம். அவற்றோடு வளரும் நரம்பு இழைகளும் வலிக்குக் காரணமாக இருக்கலாம் என்று கருதப்படுகிறது. புதுக் காயத்துக்கு உதவுவது பழைய காயத்துக்குக் கேடாகவும் முடியலாம். மேலும் பல புற்றுக்கட்டிகளிலும் மிர்-210 மிகுந்திருக்கிறது. இதைக் கையாள மிகுந்த எச்சரிக்கை தேவை.

மிர்-21 எதிர்த்திசையில் நிற்பது. மேக்ரோஃபேஜ் என்ற பாதுகாப்புச் செல்கள் வெளியிடும் நுண்ணிய கொப்புளங்கள் வழியாக இது தசைநாண் செல்களுக்குப் போய்ச் சேர்ந்து, தழும்பேறுதலுக்குத் தடைபோடும் ஸ்மாட்-7 என்ற புரதத்தைக் குறைக்கிறது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. விளைவு, தழும்பும் ஒட்டுதலும். கைவிரல் தசைநாண் வெட்டுப்பட்டுத் தைத்தவர்களுக்கு இந்த ஒட்டுதல் பெரிய தொல்லை. தசைநாண் தன் உறைக்குள் வழுக்கி ஓட முடியாமல் விரல் மடங்க மறுத்துவிடும். எனவே மிர்-21ஐக் கூட்டுவதற்குப் பதில் தடுப்பதுதான் இங்கே வழி.

மிர்-124, மிர்-135ஏ போன்றவை தசைநாண் மூலச்செல்களின் வளர்ச்சியோடும் முதுமையோடும் தொடர்புடையவை. அந்த ஆய்வுகள் பெரும்பாலும் ஆய்வகத் தட்டுகளின் மட்டத்தில் இருப்பதால் இங்கே விரிக்கவில்லை.

இதை உடலுக்குள் எப்படிச் செலுத்துவார்கள்? மாத்திரையாக வருமா?

மாத்திரையாக வராது. வெற்று ஆர்என்ஏ ரத்தத்தில் கலந்தால் அங்குள்ள நொதிகள் நிமிடக் கணக்கில் அதைச் சிதைத்துவிடும், வயிற்றில் அதற்கு வாய்ப்பே இல்லை. எனவே முதலில் அதன் வேதி அமைப்பில் சிறு மாற்றங்கள் செய்து நொதிகளின் பற்களுக்குச் சிக்காமல் ஆக்குகிறார்கள். சில ஆய்வுகளில் கொழுப்பு நுண்துகள்களில் பொதிகிறார்கள், சிலவற்றில் செல்களே வெளியிடும் எக்ஸோசோம் கொப்புளங்களில் ஏற்றுகிறார்கள். ஹைட்ரோஜெல் என்ற நீர்க்கூழில் கலந்து, அறுவை சிகிச்சையின்போது தைத்த இடத்தின் மேல் பூசிவிட்டு, அது கரையக் கரைய மருந்து மெதுவாக வெளிவரச் செய்யும் முயற்சிகளும் நடக்கின்றன.

கல்லீரலையோ நுரையீரலையோ குணப்படுத்த வேண்டுமானால் மருந்து உடல் முழுவதும் பயணிக்க வேண்டும். தசைநாணுக்கு அந்தச் சிக்கல் குறைவு. அது தோலுக்கு அருகில் இருக்கிறது. அல்ட்ராசவுண்ட் திரையைப் பார்த்தபடி ஊசிமுனையைக் காயத்துக்குள்ளேயே கொண்டு செல்லலாம். மருந்தின் அளவும் குறைவாகப் போதும், மற்ற உறுப்புகளுக்குப் போய்ச் சேர்வதும் குறைவு. மைக்ரோஆர்என்ஏ மருந்துகள் முதலில் கைகூடும் இடங்களில் தசைநாணும் ஒன்றாக இருக்கக்கூடும் என்று நான் கருதுவது இதனால்தான்.

பக்க விளைவுகள் உண்டா?

உண்டு, அதை மறைப்பது நோயாளிகளுக்குச் செய்யும் துரோகம். ஒரே மைக்ரோஆர்என்ஏ நூற்றுக்கணக்கான மரபணுக்களைத் தொடக்கூடியது. நாம் விரும்பும் ஒன்றை மாற்றும்போது விரும்பாத பத்தும் அசையலாம்.

புற்றுநோய்க்காக உருவாக்கப்பட்ட எம்ஆர்எக்ஸ்34 என்ற மருந்தின் கதையை இத்துறையில் இருப்பவர்கள் மறக்க மாட்டார்கள். அது மிர்-34ஏவின் நகலைக் கொழுப்புத் துகளில் பொதிந்து ரத்தக் குழாய் வழியாக உடல் முழுவதும் செலுத்தும் முறை. நோய் எதிர்ப்பு மண்டலம் கடுமையாகக் கிளர்ந்து, உயிரிழப்புகளும் நேர்ந்ததால் 2016இல் அந்தச் சோதனை நிறுத்தப்பட்டது. தசைநாணுக்குள் சிறிதளவு ஊசியாகச் செலுத்துவதும் அதுவும் ஒன்றல்ல. ஆனாலும் வலி மிகுந்தாலும் உயிருக்கு ஆபத்தில்லாத ஒரு நோய்க்கு மருந்து தேடும்போது, பாதுகாப்புக்கான அளவுகோல் புற்றுநோய் மருந்தைவிடக் கடுமையாக இருந்தாக வேண்டும்.

காலமும் முக்கியம். மூன்றாம் வகைக் கொலாஜன் எதிரி அன்று, முதலுதவிக்காரர். காயம்பட்ட முதல் நாளிலேயே அதை முற்றாக அடக்கினால் கிழிசலை மூட ஆளில்லாமல் போகலாம். எப்போது தொடங்குவது, எத்தனை ஊசி, எவ்வளவு இடைவெளி என்பவை மருந்தைப் போலவே கவனமாகத் தீர்மானிக்க வேண்டியவை.

மனிதர்களுக்கு இப்போது கிடைக்கிறதா?

சிகிச்சையாகக் கிடைக்கவில்லை. மிர்-29ஏவின் நகலான டெனோமிர் என்ற மருந்தை, கிளாஸ்கோ ஆய்விலிருந்து பிறந்த காஸ்வே தெரப்யூட்டிக்ஸ் நிறுவனம் டென்னிஸ் எல்போ உள்ளவர்களிடம் சோதனைக்குக் கொண்டுவந்தது. சோதனை என்பதும் ஒப்புதல் பெற்ற சிகிச்சை என்பதும் வேறு. இவற்றின் நெருங்கிய உறவான குறுக்கிடும் ஆர்என்ஏ வகையில் பட்டிசிரான் என்ற மருந்து 2018இலேயே அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றுவிட்டது, ஆனால் அது அரிய நரம்பு நோய் ஒன்றுக்கானது.

எக்ஸோசோம் ஊசி என்று விளம்பரம் பார்த்தேன். அது இதுதானா?

இல்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள். எக்ஸோசோமுக்குள் மைக்ரோஆர்என்ஏக்கள் இருப்பது உண்மை. ஆனால் எந்தச் செல்லிலிருந்து எடுத்தார்கள், உள்ளே எது எவ்வளவு இருக்கிறது, ஒரு குப்பிக்கும் அடுத்த குப்பிக்கும் வேறுபாடு என்ன என்பதற்கு விடை இல்லாத ஊசியை உங்கள் தசைநாணுக்குள் ஏற்க வேண்டாம். மேலே சொன்னபடி சில மைக்ரோஆர்என்ஏக்கள் தழும்பைக் கூட்டுபவை. வேதனையில் தவிக்கும் மனிதரிடம் ஆய்வகத்து நம்பிக்கையை இன்றைய சிகிச்சை என்று விற்பதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது.

முறையான ஆய்வு என்றால் நெறிமுறைக் குழுவின் அனுமதி, பொதுப் பதிவேட்டில் பதிவு, எழுத்து மூலமான ஒப்புதல் படிவம் ஆகியவை இருக்கும். சோதிக்கப்படும் மருந்துக்கே உங்களிடம் பணம் கேட்டால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

அப்படியானால் இப்போது என் வலிக்கு என்ன செய்வது?

முழுதாக அறுந்திருக்கிறதா, நைந்திருக்கிறதா என்று முதலில் மருத்துவர் பார்க்க வேண்டும். அறுந்தது என்றால் வழி வேறு. நைந்த தசைநாணுக்கு இன்றும் முதலிடம் படிப்படியாகச் சுமையேற்றும் பயிற்சிக்குத்தான். 1998இல் ஸ்வீடனின் ஆல்ஃபிரெட்சன் குழு வெளியிட்ட முறை புகழ்பெற்றது. குதிகாலை உயர்த்தி மெதுவாக இறக்கும் பயிற்சி, 15 முறை வீதம் மூன்று சுற்று, நாளுக்கு இரு வேளை, 12 வாரங்கள். அறுவை சிகிச்சைக்குக் காத்திருந்த ஓட்டக்காரர்கள் மீண்டும் ஓடத் தொடங்கினார்கள். இன்று அதன் பல மாற்று வடிவங்கள் இருக்கின்றன, உங்களுக்கு ஏற்றதை இயன்முறை மருத்துவர் தேர்ந்து தருவார்.

ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களுக்கு வலியைக் குறைக்கும். ஆனால் டென்னிஸ் எல்போவில், ஊசி போட்டவர்கள் பிற்பாடு போடாதவர்களைவிட மோசமான நிலையில் இருந்ததை 2010இல் வெளியான தொகுப்பாய்வு காட்டியது. அக்கிலிஸ் வலிக்குப் பிளேட்லெட் செறிவூட்டிய ரத்த ஊசி, ஒப்பீட்டுக்காகப் போடும் மருந்தில்லாத போலி ஊசியைவிட மேலானதாக 2021இன் பெரிய சோதனை ஒன்றில் நிரூபணமாகவில்லை.

மைக்ரோஆர்என்ஏ வந்துவிட்டால் பயிற்சி தேவையில்லையா?

தேவைப்படும். எந்தத் திசையில் நார்களை அடுக்க வேண்டும் என்பதைச் செல்லுக்குச் சொல்வது இழுவிசைதான். எந்தக் கொலாஜனைச் செய்வது என்பதில் மருந்து உதவலாம், அதை வரிசையில் நிறுத்துவது சுமை.

விளையாட்டு வீரர்கள் இதைப் பயன்படுத்தலாமா?

போட்டிகளில் பங்கேற்பவர்கள் கூடாது. உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமையின் தடைப் பட்டியலில், மரபணு வெளிப்பாட்டை மாற்றக்கூடிய நியூக்ளிக் அமிலங்கள் மரபணு ஊக்கமருந்து என்ற தலைப்பின் கீழ் வருகின்றன. ஒப்புதல் பெறாத மருந்துகளுக்கும் தனியே தடை உண்டு. சிகிச்சை ஆய்வில் சேர நினைக்கும் வீரர் அதற்கு முன்பே தம் சங்கத்திடம் எழுத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும்.

அடுத்து வரும் ஆய்வுச் செய்திகளில் எதைப் பார்க்க வேண்டும்?

வலி மதிப்பெண் குறைந்தது என்ற ஒரு வரியோடு நின்றுவிடாதீர்கள். தசைநாண் வலி போலி ஊசிக்கும் ஓரளவு குறையக்கூடியது, எனவே ஒப்பீட்டுக் குழு இருந்ததா என்று பாருங்கள். மூன்று மாதத்தோடு நிறுத்தினார்களா, ஓர் ஆண்டு வரை பின்தொடர்ந்தார்களா என்று பாருங்கள். தோள் தசைநாணைத் தைத்தவர்களிடம் சோதித்திருந்தால், எத்தனை பேருக்கு அது மறுபடி கிழிந்தது என்ற எண்ணிக்கை இருக்கிறதா என்று தேடுங்கள். அந்த எண் மருந்து பெற்றவர்களிடம் தெளிவாகக் குறைந்திருந்தால், ஒட்டுப் போட்ட இடத்தில் உண்மையாகவே நல்ல கயிறு திரிக்கப்பட்டிருக்கிறது என்று பொருள்.